தனி வீரனுக்குப் பின்னாலே

(லாச்சப்பலில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கூத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். நான் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றித் தொடங்கப் போகிறேன். செயலாளர் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கூத்துக்கும் வந்து சேருவேன்.

2002ஆம் ஆண்டு. என் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. நான் றெஸ்ரோரன் வேலை முடிந்து கடைசி மெற்றோவில் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க இருட்டு. அவனுடைய அறையில் மட்டும் நீல வெளிச்சம். பொடியன் படிக்கிறான் என்று இரண்டு கிழமை சந்தோசப்பட்டவன் நான்! பிறகுதான் தெரிந்தது, அது 'ஹீரோஸ் ஒவ் மைற் அண்ட் மஜிக்' என்ற விளையாட்டு. அதன் நாலாவது பாகம் அந்த வருடம்தான் வெளிவந்திருந்தது.

ஏசுவதற்காகத்தான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எழும்ப இரண்டு மணியாகிவிட்டது.

பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். சதுரங்கம் மாதிரி, முறை வைத்து ஆடுகிற விளையாட்டு. நீங்கள் ஒரு அரசன். உங்களுக்கு ஊர் இருக்கிறது, கோட்டை இருக்கிறது. பொன்னும் மரமும் கல்லும் தேடிப் படை சேர்த்து, ஒரு தலைவனுக்குக் கீழே அனுப்பவேண்டும். 1995இல் வந்த முதலாவதிலிருந்து 1999இல் வந்த மூன்றாவது வரைக்கும் இந்தத் தலைவர் சண்டை பிடிக்கிறதில்லை. களத்தின் ஓரத்தில் இருந்தபடி மந்திரம் போடுவார். சாகிறது மற்றவை. (ஏன் சிரிக்கிறீர்கள்? நான் விளையாட்டைத்தான் சொல்கிறேன்.) நாலாவதில்தான் தலைவனும் களத்தில் இறங்கி வெட்டவேணும், வெட்டு வாங்கவேணும் என்று மாற்றினார்கள்.

என் மகன் படையே சேர்க்கவில்லை. 'பார்பேரியன்' என்று காட்டுமிராண்டி மாதிரி ஒருத்தன், கையில் கோடாலி. அவனைத் தனியே அனுப்புவான். எதிரில் ஓநாய்க் கூட்டம் நிற்கும், இவன் ஒருத்தன் போவான். ஏன் மனே, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். "இரண்டு தலைவர் போனால் கிடைக்கிற அனுபவத்தைப் பங்கு போடவேணும் அப்பா. ஒருத்தன் போனால் முழுக்க அவனுக்குத்தான்" என்றான். உண்மைதான். தொடக்கத்தில் அந்த வீரன் செத்துச் செத்து விழுவான். மகன் சேமித்து வைத்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவான். எங்களுக்கு இல்லாத வசதி! ஆனால் சண்டைக்கலையில் ஐந்து படி இருக்கிறது, அதில் மேல்படிக்கு ஏறிவிட்டால், மந்திரத்துக்கு எதிரான வித்தையும் முழுக்கக் கைவந்துவிட்டால், அவனை நெருங்க ஆள் இல்லை.

அவனுடைய தோல்வி வேறு பக்கத்தால் வரும். வீரன் தூர தேசத்தில் வென்றுகொண்டிருப்பான். இங்கே காவல் இல்லாத ஊருக்குள் யாரோ ஒரு சின்னக் கூட்டம் புகுந்துவிடும். தனி ஆள் இரண்டு இடத்தில் நிற்க ஏலாதே.

ஒரு இரவு அப்படி ஊர் பறிபோனபோது மகன் சொன்னான். "அப்பா, இதுக்கு முந்தின மூன்றாவதில் ஒரு சட்டம் இருந்தது. உங்களுக்கு ஒரு ஊரும் இல்லையெண்டால் ஏழு நாள் தருவாங்கள். அதுக்குள்ள ஒரு ஊரைப் பிடிக்கவேணும். இல்லாட்டி ஆட்டம் முடிஞ்சுது."

நான் பிரான்சுக்கு வந்தது 1985இல். அப்போதைக்குப் பதினேழு வருடம். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்து, "நானும் தனி வீரனாக ஆடினவன்தான்" என்றேன். அன்றைக்குத்தான் அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து. எனக்குப் பதினேழு வயது. அண்ணாவியார் ஆளுக்காள் சட்டம் கொடுக்கும்போது அபிமன்யுவை எனக்குத் தந்தார். மாதக்கணக்காகப் பழக்கம், பிறகு சதங்கை அணி விழா, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். எங்கள் களரி வட்டமானது. சனம் சுற்றிவர இருக்கும். அந்த வட்டத்துக்குள் கனத்த உடுப்போடு தனியே நின்று சக்கரவியூகத்தை உடைக்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் தனி. எனக்கோ முதுகுப் பக்கம் மத்தளம் இருக்கிறது, சல்லாரி இருக்கிறது, நான் பாடின வரியைத் திருப்பிப் பாட பிற்பாட்டுக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் பாடுகிற அந்த நேரம்தான் நான் மூச்சு விடுகிற நேரம். பிற்பாட்டு நின்றால் அபிமன்யுவைக் கொல்லக் கௌரவர் தேவையில்லை, மூச்சு முட்டியே விழுந்துபோவான்.

கதையையும் சொன்னேன். தாயின் வயிற்றில் இருந்தபோதே வியூகத்துக்குள் போகிற வழியைக் கேட்டு வைத்திருந்தான், வெளியே வருகிற வழியைக் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நாள் போர். அருச்சுனனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளை. ஆனால் அவனைத் தனியே போ என்று யாரும் அனுப்பவில்லை. இவன் வாசலை உடைக்கிறது, வீமன் முதலானவர்கள் பின்னாலேயே புகுகிறது, அதுதான் திட்டம். சயத்திரதன் வந்து வாசலை அடைத்துவிட்டான். உள்ளே போனவன் உள்ளே, வரவேண்டியவர்கள் வெளியே.

மகன் கேட்டான்: "பின்னால வரவேண்டியவை வேற வழியால வந்திருக்கலாம்தானே?"

என் தம்பி எனக்குப் பின்னால் வருவதாக இருந்தது. காசும் கட்டியாயிற்று. 1990 ஆனியில் கிழக்கில் சண்டை திரும்பத் தொடங்கியது. அவன் கொழும்புக்கு வந்து சேரவில்லை. இதை நான் மகனுக்கு அதுவரை சொன்னதில்லை. அன்றிரவு சொன்னேன். விளையாட்டை அவன் நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம்.

அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு லாச்சப்பல் மெற்றோவுக்குப் பக்கத்தில் இருக்கிற பூஃப் து நோர் நாடக மண்டபத்தைக் காட்டினேன். நீங்களெல்லாம் மரக்கறிப் பையோடு தாண்டிப் போகிற கட்டிடம்தான். பீற்றர் புறூக் என்ற இங்கிலாந்துக்காரர் மகாபாரதத்தை ஒன்பது மணித்தியால நாடகமாக 1985 ஆடியில் அவிஞ்ஞோன் விழாவில் போட்டு, அதே வருடம் இங்கே கொண்டுவந்தார். மூன்று பாகம்: சூதாட்டம், வனவாசம், போர். திரௌபதையாக நடித்தவர் மல்லிகா சாராபாய். உள்ளே அபிமன்யு பிரெஞ்சு பேசிக்கொண்டு சக்கரத்துக்குள் புகுந்த அந்த இலையுதிர் காலத்தில், வெளியே நான் நனைந்த சப்பாத்தோடு, கையில் அகதி விண்ணப்பத்தோடு, வாசிக்கத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பல வருடத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

அதற்குப் பிறகும் மகன் அந்த வீரனைத் தனியேதான் அனுப்பினான். பொடியன்களை மாற்ற ஏலுமா! ஆனால் ஊர்க்காவல் என் பொறுப்பாயிற்று. எத்தனை பேரைக் கோட்டையில் நிறுத்துவது என்று நான் சொல்லுவேன், அவன் அழுத்துவான். நான் வேலையால் வரும்வரை காத்திருப்பான். அதற்குப் பிறகு ஊர் பறிபோனது இரண்டே தரம், இரண்டும் என் பிழை.

ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன். அந்த விளையாட்டைச் செய்த அமெரிக்கக் கொம்பனி 2003இல் முறிந்துபோனது. உரிமையை 13 லட்சம் டொலருக்கு வாங்கினது யுபிசொஃப்ற், பிரெத்தாஞ்ஞைச் சேர்ந்த ஐந்து சகோதரர் 1986இல் தொடங்கின பிரெஞ்சுக் கொம்பனி. ஆக, எங்கள் தனி வீரனும் கடைசியில் பிரான்சுக்குத்தான் வந்து சேர்ந்தான். அவனுக்குக் காட் உடனே கிடைத்துவிட்டது!

சரி, செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இப்போது பிள்ளைகள் கூத்திலிருந்து ஒரு வரவு ஆடிக் காட்டப் போகிறார்கள். அபிமன்யுவாக வருவது என் பேரன். மத்தளம் நான். சல்லாரி அவனுடைய அப்பா, நேற்றுத்தான் பழகினவர், பொறுத்துக்கொள்ளுங்கள். பிற்பாட்டுக்குத்தான் ஆள் காணாது. ஊரில் பாடினவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் மேடைக்கு வாருங்கள்.