ஷெல்லடிக்குள் வராத நடுக்கம்

(நூற்றாண்டு விழாவில் வாசிக்கப்பட்ட உரை)



கல்லூரியின் பெருமைகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள். எண்பதுகளில் இங்கே படித்த நாங்கள், எங்களுக்குள் மெதுவாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியை இன்று முன்வைக்கிறோம். ஷெல்லடிக்குள் வராத நடுக்கம், எல்லாம் ஓய்ந்தபின் ஏன் வருகிறது?

1995 ஒக்ரோபர் 30 இரவை எங்களில் பலர் மறக்கவில்லை. வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி இலட்சக்கணக்கானோர் நடந்தோம். பிள்ளையைத் தூக்குவதா, மாமியின் கையைப் பிடிப்பதா, அடையாள அட்டை எங்கே என்பதே அன்றைய எண்ணம். முன்பு பதகளிப்பு வந்த சிலருக்குக்கூட அன்று அது வரவில்லை. ஆண்டுகள் கழிந்து, ரொறன்ரோவில் கடை வரிசையில் நிற்கையிலோ கொழும்பில் பஸ்ஸுக்குள் இருக்கையிலோ நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, "செத்துப்போகப் போறேன்" என்ற பயம் வந்தது.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆபத்து வந்தால் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. ஓடவும் தூக்கவும் வேண்டிய வேளையில் அந்தப் படபடப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. நெஞ்சு ஏன் அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆபத்தில்லாத இடத்தில் அதே படபடப்பு வந்தால், மனம் காரணத்தை உடலுக்குள் தேடுகிறது. "மாரடைப்போ, பைத்தியமோ?" என்ற பயம் இன்னும் அட்ரினலினைக் கூட்டுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கிறது, தலை சுற்றுகிறது.

எல்லா நெருக்கடியும் ஒன்றல்ல. 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றோம். மின்வெட்டில் நித்திரை குறைந்தது, நேரத்துக்குச் சாப்பாடில்லை, வெறுந்தேநீரில் நாள் ஓடியது. செய்வதற்கு இருந்தது காத்திருப்பு மட்டுமே. அப்படியான காலத்தில் பதகளிப்பு அடங்குவதில்லை, கூடுகிறது. வேலை கொடுக்கும் பயம் வேறு, காத்திருக்க வைக்கும் பயம் வேறு.

ஆகவே, நெருக்கடியில் அது வராதிருந்தால் மாறிவிட்டதென்று நினைக்க வேண்டாம். பின்னர் வந்தால் "அப்பவே தாங்கினேன், இப்ப ஏலாமற் போச்சே" என்று மனம் உடையவும் வேண்டாம். அன்று தள்ளிவைத்ததை உடல் இன்று இறக்கிவைக்கிறது.

நெஞ்சுநோ புதிதாக வந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். இருதயம் நலமென்று தெரிந்தபின், தாக்கம் வரும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். அது பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். கூடுமானவரை அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டாம். ஓடினால் அடுத்தமுறை அந்தக் கடையே பயமாகும். அடிக்கடி வந்தால் சிகிச்சை உண்டு. நல்ல பலனும் உண்டு. இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியைப் பெறலாம்.

சகோதரிகளே, தொலைபேசியில் "சுகமோ?" என்றால் "ஓம், சுகம்" என்று முடிப்பது எங்கள் வழக்கம். இனி இன்னொன்றும் கேட்போம்: "இரவில நித்திரை வருகுதோ?" பதில் வரும்வரை பொறுத்திருப்போம்.