'மூலிகைதானே!'

(அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

சென்ற முகாமுக்கு வந்த ஒரு சகோதரி, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய சீன மருந்துப் பொட்டலம் ஒன்றைக் காட்டினார். கணவருக்கு ஈரல் சுருக்கம். "மூலிகைதானே டாக்டர், கொடுக்கலாம்தானே?" என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல அன்று நேரமில்லை.

அந்த மருந்தின் பெயர் 'சியாவ் சாய் ஹு தாங்'. சாங் சோங்ஜிங் என்ற சீன வைத்தியர் ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த கஷாயம். சாய் ஹு வேர், ஜின்செங், இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தை உள்பட 7 சரக்குகள். 12 படி தண்ணீரை 6 படியாகச் சுண்டவைத்து, வடிகட்டி, மீண்டும் 3 படியாக வற்றவைக்க வேண்டும். குளிரும் காய்ச்சலும் மாறிமாறி வருவது, வாய்க்கசப்பு, விலா இறுக்கம், குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு: இந்தக் குறிகளைப் பார்த்துத்தான் அவர் கொடுக்கச் சொன்னார்.

ஜப்பானில் இதையே தூளாக்கிப் பொட்டலத்தில் அடைத்தார்கள். நாள்பட்ட ஈரல் அழற்சி என்றாலே எழுதிக்கொடுக்கும் மருந்தாகிவிட்டது. குறிகளைப் பார்ப்பது போய், நோயின் பெயரைப் பார்ப்பது வந்தது. சிலருக்கு நுரையீரல் பாதித்தது. ஈரல் அழற்சிக்கு அப்போது போட்டுவந்த இன்டர்ஃபெரான் ஊசியோடு இதைச் சேர்க்கக் கூடாது என்று 1994இல் தடுத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. 1996 மார்ச்சில் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது: 88 பேருக்கு நுரையீரல் அழற்சி, அவர்களில் 10 பேர் மரணம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றுநோயும் உள்ளவர்களுக்கு இந்த மருந்து அங்கே இன்று விலக்கப்பட்டது. அந்தச் சகோதரியின் கணவருக்கு இருந்ததும் அதுதானே!

சீன வைத்தியத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாட்டு மருந்துக் கடை அதிமதுரம்கூட, நாள்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

ஏற்கெனவே இதைச் சாப்பிட்டு வருகிறவர் யாராவது இருந்தால், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் வந்தவுடன் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளிதான் என்று காத்திருக்காதீர்கள். திட்டுவாரோ என்று டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

அடுத்த முகாமுக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், லேகியம் சூரணம் உள்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பொட்டலத்தின் அட்டையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். எழுத்து புரியாவிட்டாலும் அதுவும் வேண்டும்.

வஸ்ஸலாம்.