நன்றியை நாள்வழக்கமாக்குதல்

நன்றியறிதல் இரண்டு உணர்வுகள் சேர்ந்தது. தனக்கு ஒரு நன்மை கிடைத்திருக்கிறது என்று உணர்வது முதலாவது. அந்த நன்மை முழுக்கத் தன் முயற்சியால் விளைந்ததன்று, அதில் பிறர் உழைப்பும் விட்டுக்கொடுத்தலும் கலந்திருக்கின்றன என்று ஒப்புக்கொள்வது இரண்டாவது. முதலாவது மட்டும் இருந்தால் அதற்கு மகிழ்ச்சி என்று பெயர். இரண்டாவதும் சேர்ந்தால்தான் அது நன்றி. பட்டமளிப்பு நாளில் முதலாவதற்குப் பஞ்சம் இருப்பதில்லை. அங்கியும் புகைப்படமும் கைதட்டலுமாகக் கழியும் அந்த நாளில் நழுவிப்போவது இரண்டாவதுதான்.

தமிழ் அறநூல்கள் இந்தப் பண்புக்கு மிக உயர்ந்த இடம் தந்திருக்கின்றன. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் முழுவதும் செய்ந்நன்றி அறிதலைப் பற்றியது. உதவியை அதன் விலையால் மட்டும் அளக்கக் கூடாது என்பது அந்த அதிகாரத்தின் அடிப்படை. முன்பு எதையும் பெறாமல் செய்த உதவி, தக்க நேரத்தில் செய்த உதவி, பயன் கருதாமல் செய்த உதவி என்று வள்ளுவர் வகைப்படுத்துகிறார். புறநானூற்றின் 34ஆம் பாடலில், சோழன் கிள்ளிவளவனிடம் ஆலத்தூர் கிழார் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: கொடிய பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்கு இல்லை.

இவ்வளவு உயர்வாகப் பேசப்படும் ஒரு பண்பு அன்றாட வாழ்வில் ஏன் இத்தனை எளிதாக மறந்துபோகிறது? பழகிப்போதல்தான் காரணம். விடுதியில் முதல் நாள் கிடைத்த தனிக் கட்டில் பெரிய வசதியாகத் தெரியும். மூன்றாம் மாதம் அதன் கிறீச் ஒலி மட்டும்தான் கேட்கும். மனம் குறையை உடனே கண்டுகொள்கிறது. ஒழுங்காக நடப்பதை அது கவனிப்பதே இல்லை. தண்ணீர் வராத நாளில் குழாயைப் பற்றி விடுதியே பேசும். வரும் நாளில் மோட்டார் போடுபவரை யாரும் நினைப்பதில்லை. நன்றி தானாக ஊறும் என்று காத்திருந்தால் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் ஊறும். அதனால்தான் அதற்கு ஒரு வேளையும் ஒரு முறையும் தேவைப்படுகின்றன.

இந்தப் பயிற்சியின் பயனை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். பத்து வார காலம், வாரம் ஒருமுறை, ஒரு குழு நன்றிக்குரியவற்றையும் இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றையும் மூன்றாவது குழு பொதுவான நிகழ்வுகளையும் எழுதியது. நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகவே தெரிவித்தார்கள். நரம்புத்தசை நோயுடன் வாழ்பவர்களைக் கொண்டு 21 நாட்கள் நடத்திய மற்றொரு பகுதியில், தூக்கமும் மேம்பட்டிருந்தது.

மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிய பயிற்சியைச் சோதித்தது. ஒவ்வோர் இரவும் அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். ஒரு வாரம்தான் பயிற்சி. ஆனால் மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தன. வாரம் முடிந்த பின்னும் தாமாகவே தொடர்ந்து எழுதியவர்களிடம் பயன் கூடுதலாக நிலைத்தது.

இதற்கு எல்லையும் உண்டு. சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவினரின் சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பயன் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதினால் அதுவும் பழகிப்போய்விடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் மீது இப்பயிற்சியின் விளைவு சிறியதே என்று கண்டது. ஆகவே நன்றிக் குறிப்பேடு மருந்துக்கு மாற்றாகாது. மனநோயால் துன்பப்படுபவருக்குத் தேவை மருத்துவரின் உதவி. நல்ல நிலையில் இருப்பவர் தம் கவனத்தைச் செப்பனிட்டுக்கொள்ளும் வழியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

நாள்தோறும் செய்தும் சலித்துப்போகாமல் இருக்க மூன்று நெறிகள் உதவும். முதலாவது, குறிப்பாக எழுதுவது. ‘பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி’ என்பது அழைப்பிதழில் அச்சிடும் வாசகம்; நோட்டில் பத்து நாள் எழுதினால் பொருளிழந்துவிடும். ‘கணக்குத் தேர்வன்று சமையலறை அக்கா ஐந்தரை மணிக்கே எழுந்து நாலு இட்லி கட்டிக் கொடுத்தார்’ என்பது வேறு. அதில் ஆள் இருக்கிறார், நேரம் இருக்கிறது, அவர் இழந்த தூக்கம் இருக்கிறது. வீட்டு வரவு செலவு நோட்டில் ‘சில்லறைச் செலவு’ என்று மொத்தமாக எழுதினால் கணக்கு நேராகாது. நன்றிக் கணக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, காரணத்தைத் தேடுவது. பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது என்றால் ஏன் வந்தது? விடியற்காலையில் பணிமனைக்கு வந்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கேள்வி முகம் தெரியாதவர்களையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். தமிழ்நாட்டில் பட்டம் பெறும் பலருடைய பட்டியல் இப்படித் தேடினால் வெகுதூரம் நீளும். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த மதிய உணவு, விலையில்லாப் பாடநூல், பஸ் பாஸ், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் வரி கட்டிய கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதித்திராதவர்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் பழக்கம் ஒன்றோடு இதை இணைப்பது. இரவு பல் துலக்கிய பின், கைபேசியைச் சார்ஜில் போடும்போது, அல்லது மாலை விளக்கேற்றும்போது என்று ஒரு வேளையைக் குறித்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இதற்குத் தேவையில்லை.

ஜப்பானில் இதற்குத் தனி முறையே உண்டு. யோஷிமோட்டோ இஷின் (1916–1988) என்பவர், ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவினரின் கடுமையான தன்னாய்வு வழக்கம் ஒன்றை எளிதாக்கி, ‘நைக்கான்’ என்னும் பயிற்சியை வகுத்தார். அதில் கேள்விகள் மூன்று: இவரிடமிருந்து பெற்றது என்ன? இவருக்குத் திருப்பித் தந்தது என்ன? இவருக்குக் கொடுத்த தொல்லை என்ன? தாயில் தொடங்கி ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அவர்கள் தனக்குத் தந்த தொல்லை என்ன என்ற நான்காவது கேள்வி அதில் இல்லை. அது யாரும் சொல்லாமலே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது நைக்கான் பயிற்றுநர்களின் கருத்து. ஜப்பானியச் சிறைகளிலும் இப்பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறது.

நோட்டில் எழுதுவது பாதி வேலைதான். உரியவரிடம் சொல்வது மறுபாதி. பலர் அதில் தயங்குகிறார்கள். இத்தனை ஆண்டு கழித்துச் சொன்னால் செயற்கையாக இருக்குமோ, சரியான சொற்கள் வராதோ என்ற கூச்சமே காரணம். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், பெறுபவரின் சங்கடத்தைக் கூட்டியும் மகிழ்ச்சியைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள். பெறுபவர் சொல்லழகைப் பார்ப்பதில்லை, அன்பைத்தான் பார்க்கிறார்.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்பெர் காம்யூ 1957இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 19ஆம் தேதி, அல்ஜியர்ஸில் தமக்கு ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லித்தந்த லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். காம்யூவின் தந்தை முதல் உலகப் போரில் இறந்தவர். தாய் வீட்டுவேலை செய்தவர். அந்த ஏழைச் சிறுவனை உதவித்தொகைத் தேர்வுக்குத் தனியாக அமர்த்திப் பயிற்றியவர் ஜெர்மேன். பரிசுச் செய்தி கேட்டதும், தாய்க்கு அடுத்தபடி அவரைத்தான் நினைத்ததாகக் காம்யூ எழுதினார்.

அப்துல் கலாமின் வாழ்க்கையில் நன்றி சொல்லாகவும் செயலாகவும் தெரிகிறது. சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதென்று உறுதி பூண்டதைக் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கடைசி நாளான 2015 ஜூலை 27 அன்று, குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் செல்லும் வழியில், முன்னே சென்ற பாதுகாப்பு வாகனத்தில் ஒரு காவலர் துப்பாக்கியுடன் நின்றபடியே வந்தார். அவரை உட்காரச் சொல்லுமாறு கலாம் திரும்பத் திரும்பக் கேட்டும் தகவல் போய்ச்சேரவில்லை. ஷில்லாங்கில் இறங்கியதும் அந்தக் காவலரை வரவழைத்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். தம்மால் அவ்வளவு நேரம் நிற்க நேர்ந்ததற்கு வருத்தமும் தெரிவித்தார். முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவருக்கு அது கட்டாயமில்லை. வாழ்நாள் முழுக்கப் பழகிய வழக்கம் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

நன்றியைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். ‘வேலை கொடுத்ததற்கு நன்றியோடு இரு’ என்று சொல்லி உரிய சம்பளத்தைக் குறைப்பவர்கள் உண்டு. ‘வளர்த்த நன்றிக்காக’ என்று சொல்லி ஒருவருடைய திருமணத்தையும் தொழிலையும் தீர்மானிப்பவர்களும் உண்டு. இதற்கான விடை திருக்குறளின் அதிகார வரிசையிலேயே இருக்கிறது. செய்ந்நன்றி அறிதலை அடுத்து வருவது நடுவுநிலைமை. உதவி செய்தவரை நினைக்கும்போது நடுவுநிலை தவறும் வாய்ப்பு உண்டு. அங்கும் தவறக் கூடாது என்பதற்காகவே இப்படி அடுத்தடுத்து வைக்கப்பட்டன என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குகிறார். மதிப்பெண் போடும் பேராசிரியருக்கும் டெண்டர் பிரிக்கும் அதிகாரிக்கும் தீர்ப்பு எழுதும் நீதிபதியாகப்போகிறவருக்கும் இது பொருந்தும். நன்றிக்காக நீதியை வளைத்தால், அந்தக் கடனை மூன்றாமவர் ஒருவர்தான் அடைக்க நேரிடும்.

பெற்ற உதவிகள் எல்லாவற்றையும் கொடுத்தவருக்கே திருப்பிச் செலுத்த முடியாது. சிலர் மறைந்திருப்பார்கள், பலருடைய பெயரே தெரிந்திருக்காது. அத்தகைய கடனைத் தீர்க்கும் வழி, அடுத்து வருபவருக்குச் செய்வதுதான். விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாத தன் தெருப் பிள்ளைக்கு உட்கார்ந்து நிரப்பித் தரலாம். படித்த அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கொருமுறை போய் மேற்படிப்பு வழிகளைச் சொல்லலாம். இரவில் எழுதும் மூன்று வரிகள் யாருக்கு எது செய்ய வேண்டும் என்று நினைவூட்டும். வாரத்துக்கு ஒருவரிடமாவது நன்றியை நேரிலோ தொலைபேசியிலோ சொல்லி, முடிந்ததை வேறொருவருக்குச் செய்துவந்தால் பயிற்சி முழுமை பெறும்.