அம்மாவின் அவரை பூக்காத கோடை

பனி கரையத் தொடங்கியதும் "இந்த முறை பின்வளவில் என்ன போடப் போறியள்?" என்று ஆளுக்காள் கேட்கிற காலம் இது. நான் விவசாயம் படித்தவன் அல்ல. பார்க் எக்ஸ்ரென்சனில் பதினொரு வருடம் தொடர்மாடியில் இருந்துவிட்டு லவாலில் வீடு வாங்கி, முதற் கோடையிலேயே தோற்றுப்போனவன். அந்தத் தோல்வியைத்தான் சொல்ல வந்தேன்.

தொடர்மாடியில் அம்மாவுக்கு இரண்டு வாளி மிளகாயும் ஒரு கறிவேப்பிலையும்தான். மொன்றியல் நகரசபை 1975ஆம் ஆண்டிலிருந்து சமூகத் தோட்டங்களில் துண்டு நிலம் கொடுத்து வருகிறது. நாங்களும் பெயர் பதிந்தோம். எங்கள் முறை வருவதற்குள் வீடு வாங்கிவிட்டோம். சாவி கிடைத்த அன்று அம்மா அறைகளைப் பார்க்கவில்லை. நேரே பின்கதவைத் திறந்து வேலியைப் பார்த்தார். "தம்பி, இதிலை அவரை ஏத்தலாம்."

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு நாங்கள் விட்டுவந்த வளவில் கிணற்றடி வேலி முழுக்க அவரைதான். தமிழ்க்கடையில் ஊர் இனம் என்று சொல்லி விதை வாங்கி, யூன் தொடக்கத்தில் ஊன்றினார். கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது. யூலை போயிற்று, ஓகஸ்ட் போயிற்று, ஒரு பூ இல்லை. நான் இன்னும் பசளை போட்டேன், இலைதான் கூடியது. "என்ரை கை ராசியில்லை. அங்கையும் விட்டிட்டு வந்தன், இங்கையும் வருகுதில்லை" என்று ஒருநாள் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு பின்வளவுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். செப்ரெம்பர் கடைசியில் ஊதாப்பூ எட்டிப் பார்த்தது. ஒக்ரோபர் முதல் வாரத்தில் ஒரே இரவு உறைபனி. விடிய இலையெல்லாம் அவித்த கீரை.

குளிர்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். காரணம் பகல். எங்கள் ஊர் அவரையில் பல இனங்கள் இரவு நீளும்போதுதான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணித்தியாலத்தை எட்டாது. மொன்றியலில் யூன் மாதத்தில் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்கும் மேல். செப்ரெம்பர் கடைசியில்தான் இங்கே இரவும் பகலும் சமமாகின்றன. அப்போது கொடிக்குப் பூக்க நேரம் வருகிறது, பின்னாலேயே உறைபனியும் வருகிறது. சிறகவரைக்கும் இதே கதைதான். அம்மாவின் கையில் ஒரு பிழையும் இல்லை.

ஆடியில் விதை தேடுகிற கணக்கும் இங்கே சரிவராது. மிளகாயையும் கத்தரியையும் மார்ச் தொடக்கத்தில் வீட்டுக்குள் யன்னலோரம் முளைக்க வையுங்கள், தக்காளியை மார்ச் கடைசியில். பாவல், புடோலுக்கு வேரைக் குழப்பினால் பிடிக்காது. சித்திரைப் புதுவருடம் கழிந்த பிறகு ஒவ்வொரு விதையாகச் சின்னச் சாடியில் போட்டு, மண்ணோடு தூக்கி நடுங்கள். வெளியே நடுவதற்கு அவசரம் வேண்டாம். கியூபெக்கின் பழைய ஆட்கள் மே 11, 12, 13 ஆகிய நாட்களை 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்பார்கள். அவை கழியும்வரை நாற்றை வெளியே விடமாட்டார்கள். வெண்டிக்கும் பாவலுக்கும் அதுவும் காணாது, மண் சுடவேண்டும், யூன் முதல் வாரம் நல்லது. போஞ்சிக்கு இந்த நாட்டுப் பகல் ஒரு பிரச்சினையே இல்லை, விதைத்து இரண்டு மாதத்துக்குள் காய்.

பூவுக்கு நித்தியகல்யாணியும் துலுக்கச் செவ்வந்தியும் இங்கத்தைய நாற்றுக் கடைகளிலேயே கிடைக்கும். செவ்வரத்தையைச் சாடியில் வையுங்கள், செப்ரெம்பரில் உள்ளே தூக்கவேண்டும். அணிலுக்கு மருந்து கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

வெயில் முன்பக்கம்தான் விழுகிறது என்றால் முன்முற்றத்திலும் மரக்கறி நடலாமா? டிரமண்ட்வில் நகரில் 2012இல் ஒரு கணவனும் மனைவியும் அப்படி நட்டபோது நகரசபை அகற்றச் சொன்னது. அவர்கள் அசையவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு அவர்களோடு நின்றார்கள். கடைசியில் நகரசபைதான் இறங்கி வந்தது. ஆனாலும் ஊருக்கு ஊர் விதி வேறு, மண்வெட்டி எடுக்க முன்னர் உங்கள் நகரசபையைக் கேளுங்கள்.

அவரைக்கு வருகிறேன். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கும் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் என்ற செடி அவரை இனங்களை வெளியிட்டிருக்கிறது. அம்மாவுக்குச் சொன்னேன். "அது செடி. எனக்குக் கொடி வேணும்" என்றார்.

அடுத்த கோடை ஒரே ஒரு கொடியைப் பெரிய சாடியில் வைத்தோம். யூலை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு என் மகன் அதைக் கராஜுக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைப் பூட்டினான். காலை எட்டு மணிக்கு வெளியே இழுத்தான். பதினான்கு மணித்தியால இருட்டு. கூட்டாளிகள் சிரித்தார்கள் என்று இரண்டு நாள் முறுகினான். ஓகஸ்டில் பூத்தது. அம்மா என்னை எழுப்பவில்லை, பேரனைத்தான் எழுப்பிக் காட்டினார்.

மொத்தம் இருபத்தாறு காய், ஒரு கறிக்கே காணாது. அதிலும் நான்கை அம்மா பிடுங்கவிடவில்லை, விதைக்கென்று முற்றவிட்டார்.