ஒரு டாலர் கிரேன்: மால்மோவும் பெல்ஃபாஸ்டும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னிக்கு ஒரு விலையிலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஒரு டாலர்.

2002-ல ஸ்வீடனோட மால்மோ நகரத்துல ஒரு கிரேன் அந்த விலைக்குக் கைமாறுச்சு. உயரம் 138 மீட்டர். நம்ம மவுன்ட் ரோடு எல்.ஐ.சி. பில்டிங் இருக்குல்ல, அதை ரெண்டரை தடவை அடுக்கினா வர்ற உயரம். ஒரே நேரத்துல 1,500 டன் தூக்கும். காலி டவுன் பஸ் ஒண்ணு 10 டன்னு வச்சுக்கிட்டா, 150 பஸ்ஸை ஒரே தூக்கா தூக்குற மாதிரி. வாங்கினது தென் கொரியாவோட ஹூண்டாய் ஹெவி இண்டஸ்ட்ரீஸ். விலை ஒரு டாலர்தான், ஆனா கழட்டி, கப்பல்ல ஏத்தி, அங்க கொண்டுபோய் நிறுத்துற செலவு அவங்களோடது.

அந்த கிரேனோட கம்பெனி பேரு கொக்கும்ஸ். ஆமா, கிரேன்னா கொக்கு, கம்பெனி பேரும் கொக்கும்ஸ். இந்த ஜோக்கை முதல்லயே சொல்லி முடிச்சிடறேன், இல்லன்னா எபிசோட் முழுக்க எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கும்.

கிரேனைக் கழட்டி ஏத்தி அனுப்புறப்போ ஊர் ஜனங்க கரையில நின்னு பாத்தாங்க. சிலர் அழுதாங்கன்னு சொல்வாங்க. கொரியாவுல அதுக்கு ஒரு பேரே வந்துடுச்சு: 'மால்மோவின் கண்ணீர்'.

ஒரு இரும்புச் சட்டத்துக்காக ஊரே ஏன் அழணும்? இன்னிக்கு பேசப்போறது அதைத்தான்.

இவ்ளோ பெரிய கிரேன் எதுக்கு?

முதல்ல கொஞ்சம் எஞ்சினியரிங். பழைய முறையில கப்பலை கரையில, சாய்வான தளத்துல, அடியிலேர்ந்து ஒவ்வொரு தகடா சேத்துக் கட்டிக்கிட்டே போவாங்க. வெயில், மழை எல்லாத்துலயும் வேலை வெளியிலதான். அப்புறம் பிளாக் முறை வந்துச்சு. கப்பலைப் பெரிய பெரிய துண்டுகளா பிரிச்சு, கூரைக்கு அடியில ஒவ்வொரு துண்டையும் தனியா வெல்ட் பண்ணி முடிச்சுடுவாங்க. குழாய், வயரிங் கூட முடிஞ்சவரைக்கும் அங்கேயே. அப்புறம் அந்தத் துண்டுகளை உலர் துறையில இறக்கி ஒண்ணோட ஒண்ணு இணைக்கிறது. நம்ம பாஷையில சொன்னா, மாட்யூல் மாட்யூலா எழுதி டெஸ்ட் பண்ணிட்டு, கடைசியில இன்டக்ரேட் பண்றது.

ஆனா ஒரு துண்டே நூத்துக்கணக்கான டன் வரும். அதைத் தூக்க சாதாரண கிரேன் பத்தாது. அதுக்குத்தான் இந்த கோலியாத் கிரேன். துறையோட ரெண்டு பக்கமும் தண்டவாளம், அதுமேல ஓடுற ரெண்டு கால், மேல குறுக்கா ஒரு பெரிய உத்தரம். கப்பல் மொத்தமும் அந்தக் காலுக்கு நடுவுல அடங்கிடும்.

இதுக்கெல்லாம் அவசரம் எங்கேர்ந்து வந்துச்சு? 1967 போர்ல சூயஸ் கால்வாய் மூடிடுச்சு. எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் போகணும். அவ்ளோ தூரம் போறதுன்னா கப்பல் பெருசா இருந்தாதான் கட்டுப்படியாகும். உடனே எல்லா கப்பல் கம்பெனியும் ராட்சச டேங்கர் ஆர்டர் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதை நம்பி ஐரோப்பியக் கப்பல் கட்டும் தளங்கள் ராட்சச கிரேன்களை நிறுத்துச்சு. பெல்ஃபாஸ்ட்ல ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் 1969-ல கோலியாத், 1974-ல சாம்சன். தமிழ் பைபிள் படிச்சவங்களுக்கு சாம்சன்னா சிம்சோன். மால்மோ கிரேனும் 1974-லதான் தயாராச்சு.

இப்போ அந்தத் தேதியைக் கவனிங்க. 1973 கடைசியில எண்ணெய் விலை எகிறுச்சு. டேங்கர் தேவை படுத்துடுச்சு. 1975-ல சூயஸும் திறந்தாச்சு. அதாவது எந்தக் கப்பலுக்காக இந்தக் கிரேனைக் கட்டினாங்களோ, அந்தக் கப்பலுக்கான சந்தை கிரேன் நிக்கும்போதே சரிய ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கு நாம 'தொழில் வளத்தோட சின்னம்'னு போட்டோ எடுக்கிற கிரேன்கள்ல பல, உண்மையில அந்த வளம் முடியற நேரத்துல பொறந்தது.

நின்ன வருஷம் அதிகம்

மால்மோவுல வியாபாரக் கப்பல் கட்டுறது 1980-கள்ல பிற்பாதியில நின்னுபோச்சு. கிரேனோட கணக்கைப் போட்டுப் பாருங்க: ஏறக்குறைய 12, 13 வருஷம் வேலை. அப்புறம் 15 வருஷம் சும்மா நின்னுச்சு. நடுவுல அதே இடத்துல ஒரு கார் ஃபேக்டரி வந்து, சீக்கிரமே மூடிட்டாங்க. 90-கள்ல ஒரு டேனிஷ் கம்பெனி கிரேனை வாங்கி, எடுத்துட்டுப் போறதுக்குள்ள அதுவே திவாலாச்சு.

கடைசியா 1997-ல கிரேனுக்கு ஒரு வேலை கிடைச்சுது. ஸ்வீடனையும் டென்மார்க்கையும் இணைக்கிற ஓரெசுண்ட் பாலத்தோட உயரமான தூண்களுக்கான அடித்தளத்தைத் தூக்குறது. அந்தப் பாலம் 2000-ல திறந்தாங்க. மால்மோ அதுக்கப்புறம் வேற ஊரா மாறுறதுக்கு அந்தப் பாலம் ஒரு முக்கியக் காரணம். அதாவது தன்னோட இடத்துக்கு வரப்போற புது ஊருக்கான வேலையை கிரேனே கொஞ்சம் செஞ்சு குடுத்துட்டுப் போச்சு.

இப்போ அங்க 190 மீட்டர் உயரத்துல டர்னிங் டோர்சோ நிக்குது. முறுக்கின மாதிரி இருக்கிற அபார்ட்மென்ட் கோபுரம், 2005-ல கட்டினது. பக்கத்துல பல்கலைக்கழகம், புது வீடுகள். 'மாற்றம்னா இதுதான்'னு உலகம் முழுக்க பாராட்டுற இடம். நானும் பாராட்டுறேன். ஆனா ஒரு வெல்டருக்கு அந்தக் கோபுரத்துல என்ன வேலைங்கிற கேள்வியும் கூடவே வருது.

கண்ணீர் ஊர் மாறும்

கிரேன் போன இடம் உல்சான். 2003-லேர்ந்து அங்க வேலை பாக்குது. கொரியர்களுக்கு முதல்ல அது பெருமை: ஐரோப்பா அழுதுச்சு, நாம ஜெயிச்சோம். ஆனா 2016 வாக்குல ஆர்டர் வறண்டு, கொரியக் கப்பல் தளங்கள்ல ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. அப்போ அதே 'மால்மோவின் கண்ணீர்' வேற அர்த்தத்துல திரும்பி வந்துச்சு: அடுத்து நாமளா? வெற்றிக் கோப்பையா வாங்கிட்டு வந்த கிரேனே எச்சரிக்கைப் பலகையா ஆயிடுச்சு.

காப்பாத்தினா போதுமா?

இப்போ பெல்ஃபாஸ்ட். டைட்டானிக் கட்டின அதே கம்பெனி. ஆனா டைட்டானிக் கட்டினது இந்த மஞ்சள் கிரேன்கள் இல்ல, அது அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை. 2003-ல அந்தத் தளம் கடைசிக் கப்பலைக் கட்டி அனுப்புச்சு. அதே 2003-ல சாம்சனையும் கோலியாத்தையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க. இடிக்க முடியாது. மால்மோ பண்ணாததை பெல்ஃபாஸ்ட் பண்ணிடுச்சு.

ஆனா சட்டம் பாதுகாத்தது இரும்பை மட்டும்தான். ஒரு காலத்துல ஆயிரக்கணக்கான பேர் வேலை செஞ்ச இடத்துல, 2019 ஆகஸ்ட்ல கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனப்போ மிச்சம் இருந்தது சுமார் 120 பேர். அவங்க வீட்டுக்குப் போகல. தளத்தை ஆக்கிரமிச்சு, கேட்ல ஷிஃப்ட் போட்டு உக்காந்தாங்க. ஏறக்குறைய ஒன்பது வாரம். அக்டோபர்ல புது முதலாளி வந்தாரு. 2024-ல மறுபடி திவால். 2025-ல ஸ்பெயின் அரசோட நவான்டியா வாங்கிடுச்சு. பிரிட்டிஷ் கடற்படைக்கான மூணு துணைக் கப்பல்களை அங்கதான் இணைக்கணும்னு ஒப்பந்தம்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். இந்த கிரேன்களை எல்லாரும் ஒரே மாதிரி பாக்கல. 1920-ல அந்தத் தளத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடிச்சு விரட்டினாங்க. அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகளுக்கு அது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களோட இடம்தான். அதனால 'நம்ம ஊர் அடையாளம்'னு யாராவது சொன்னா, அந்த 'நம்ம'ல யாரெல்லாம் இருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது.

என் ஆபீஸ் பேன்ட்ரி

நான் முன்னாடி வேலை செஞ்ச ஒரு ஆபீஸ்ல, பேன்ட்ரி பக்கத்துல பழைய சர்வர் ரேக் ஒண்ணு லைட் போட்டு வச்சிருப்பாங்க. 'எங்க முதல் சர்வர்'னு போர்டு வேற. வர்றவங்க எல்லாம் செல்ஃபி எடுப்பாங்க. அந்த சர்வரைப் பல வருஷம் பாத்துக்கிட்ட அண்ணனை, அதை அங்க வைக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் அனுப்பியிருந்தாங்க. அப்புறம் ஒருநாள் பழைய டேட்டா ஒண்ணு தேவைப்பட்டுச்சு. எங்க யாருக்கும் அதை எடுக்கத் தெரியல. கடைசியில அவருக்கே போன் போட்டோம். பாவம், பத்து நிமிஷத்துல சொல்லிக் குடுத்தாரு. நான் அந்த ரேக் முன்னாடி செல்ஃபி எடுத்தவன்தான், அதையும் சொல்லிடறேன்.

கிரேன் கதையில எனக்குப் புரிஞ்சது இதுதான். மால்மோ அழுதது இரும்புக்காக இல்ல. வேலை போனது 15 வருஷம் முன்னாடி, மூடின கேட், நோட்டீஸ், செட்டில்மென்ட்னு கொஞ்சம் கொஞ்சமா. அதுக்கு மொத்தமா சேந்து அழ ஒரு நாள் கிடைக்கவே இல்ல. கிரேன் கிளம்பின அன்னிக்குதான் அது கிடைச்சுது. பெல்ஃபாஸ்ட்ல அந்த 120 பேர் அழுறதுக்கு முன்னாடியே கேட்ல உக்காந்துட்டாங்க. கிரேன் சின்னமா நின்னா மட்டும் போதாது, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

உங்க ஊர்ல மூடிப்போன மில்லோ ஃபேக்டரியோ இருந்தா, கட்டடத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. அங்க வேலை செஞ்ச ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசி, போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. நல்லா வந்ததை அடுத்த எபிசோட்ல போடறோம். பாப்போம்!