முடுகி விரியும் அண்டமும் இழைக் கோட்பாடும்

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-ஆம் ஆண்டு பணியாற்றிய ஜான் எவர்ஷெட், நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்வதைக் கொண்டு, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அத்தகைய கோட்டுப் பெயர்ச்சியையும், வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களின் ஒளிர்வையும் சேர்த்து அளந்த இரண்டு குழுக்கள், அண்டம் விரிவதோடு அவ்விரிவின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் அறிவித்தன. வெற்றிடத்திலேயே நிறைந்திருப்பதாகக் கருதப்படும் ஒருவகை ஆற்றலே இதற்குக் காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து; அண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடாகிய அதனை இருண்ட ஆற்றல் என்பர்.

துகள்கள் யாவும் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே எனக் கூறும் இழைக் கோட்பாட்டுக்கு இந்த நேர்க்குறி ஆற்றல் பெரும் இடராயிற்று. 2001 ஜனவரியில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய மாநாட்டில், இத்துறையின் தலைமகனான எட்வர்ட் விட்டனே, இத்தகைய அண்டத்தைக் கோட்பாட்டிலிருந்து பெறத் தெளிவான வழி எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றார்.

வழி சொன்ன நால்வருள் ஒருவர் அந்த நிறுவனத்தையே சேர்ந்த சந்தீப் திரிவேதி. ஷமித் கச்ரு, ரெனாட்டா கல்லோஷ், ஆந்த்ரே லிண்டே ஆகியோருடன் அவர் 2003-இல் எழுதிய கட்டுரை, கோட்பாடு வேண்டும் ஆறு கூடுதல் பரிமாணங்களும் விரிந்து தளர்ந்துவிடாதபடி அவற்றின் வடிவையும் அளவையும் முதலில் நிலைநிறுத்துகிறது. அவ்வாறு செய்தால் வெற்றிட ஆற்றல் எதிர்க்குறியாகவே அமைவதால், எதிர்பிரேன் எனப்படும் சவ்வு போன்ற பொருளைச் சேர்த்து, அதனைச் சுழிக்குச் சற்று மேலே உயர்த்துகிறது. கிடைப்பது மலைச்சரிவின் குழியில் தங்கிய பாறையைப் போன்ற நிலையே. என்றாவது ஒருநாள் உருண்டுவிடும், ஆனால் அதற்கு ஆகும் காலம் அண்டத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளை விடப் பன்மடங்கு நீண்டது.

எதிர்பிரேனைச் சேர்க்கும் கடைசிப் படிதான் இன்றும் சர்ச்சைக்குரியதாக உள்ளது. அண்ட முடுக்கத்தைத் தரும் நிலையான வெற்றிடம் கோட்பாட்டில் இருக்கவே முடியாது என்று கும்ரூன் வாஃபாவும் உடன் ஆய்வாளரும் 2018-இல் முன்வைத்த கருத்து இன்னும் நிறுவப்படாத ஊகமே எனினும், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறவேண்டும் என்ற சோதிக்கத்தக்க விளைவு அதற்கு உண்டு. அண்டத்தின் விரிவை அளக்கும் அரிசோனாவின் டெசி கருவி 2024, 2025 ஆண்டுகளில் தந்த அளவீடுகள் அத்தகைய மாற்றத்தைச் சுட்டுவதுபோல் தோன்றினாலும், கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு உறுதி அவற்றுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே 2003-ஆம் ஆண்டு வழியை யாரும் கைவிட வேண்டியதில்லை. அதனை முடிந்த முடிபாகக் கொள்ளவும் இடமில்லை.