நம்மிடையே உலவும் மூன்று பேச்சுகள்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக் களத்திலும், பால் ஸ்டோரிலும், ஆபீஸ் வாசலிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுகள் மூன்று உண்டு. ரப்பர் விலை ஏறினால் கூலி தானாக ஏறும் என்பது ஒன்று. நம் பிள்ளைகள் கெடுவதற்குக் குடியும் பிறவிக் குணமுமே காரணம் என்பது மற்றொன்று. அரசியலும் சட்டமும் பெரிய மனிதர்கள் காரியம், நமக்கெதற்கு என்பது மூன்றாவது. பலமுறை கேட்டுவிட்டதால் ஒரு பேச்சு உண்மையாகிவிடுமா? கணக்கெழுதுவோரும் பால் வெட்டுவோரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இவ்விடத்தில் அவற்றை நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் விலைப் பேச்சு. 1930-இல் உலகமெங்கும் வாணிப மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. அதோடு கூலியும் சரிந்தது. ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாயிற்று. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இதை எவரும் கேட்டுப் பெறவில்லை, தானாக வந்தது. சரி, கிராக்கி ஏறியபோது? இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ரப்பர் எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. அப்போதும் சீனத் தொழிலாளியின் கூலிக்குச் சமமான கூலி கேட்டு, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. இறங்கும்போது கேளாமல் இறங்குகிறது, ஏறும்போது போராடினால்தான் ஏறுகிறது. அப்படியானால் விலைக்கும் கூலிக்கும் நடுவே நிற்பது எது? ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குப் பின்னே நிற்பது சங்கம். 1954-இல் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்ததன் பொருள் இதுதான்.

இரண்டாவது, குற்றப் பேச்சு. அதே கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்கள் கூலி மட்டுமா கேட்டார்கள்? துரைமார், கிராணிமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். குடியே பிறவிக் குணமாக உள்ள கூட்டம் கள்ளுக்கடையை மூடு என்று கேட்குமா?

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இந்தியர் என்று அறிவித்தது. உடனே, 'நம் ரத்தமே அப்படி' என்று நம்மவர்களே பேசத் தொடங்கினார்கள். ரத்தம் மாறவில்லை, தோழர்களே, இருப்பிடம் மாறியது. 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதன் பின் பட்டணம் வளர்ந்து தோட்டத்தையே விழுங்கியது. இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணில் முன்பு பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத் தோட்டங்களும் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் 1990-களில் டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் போயின. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்று அறுந்தால் மற்றதும் விழும். அதோடு பள்ளிக்கூடம், கோயில், பிள்ளைமடுவம், தப்பு செய்தால் காதைத் திருகும் பக்கத்து லயத்துப் பெரியவர் எல்லாம் போகின்றன.

இப்படிச் சொல்வதால் நாம் குற்றத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கத்தி எடுத்தவன் சட்டத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவன் கத்திக்கு முதலில் அஞ்சுவதும் நம் குடும்பங்களே. ஆனால் அதே அடுக்குமாடியில் வளர்ந்து, உழைத்துக் கௌரவமாக வாழ்வோரும் நம் பிள்ளைகள்தாம். ரத்தம் காரணமானால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

மூன்றாவது, அரசியல் நமக்கெதற்கு என்ற பேச்சு. துண்டாடல் நடந்த காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டின. 1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியாது என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கூலியையும் பாருங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்றே தலைமுறைகள் கழிந்தன. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று நிர்ணயித்தார்கள். 2025 பிப்ரவரி முதல் நாள் அது 1,700 வெள்ளியாயிற்று. அந்தத் தொகையை எழுதியது ரப்பர் சந்தை அல்ல, சட்டம். சட்டம் செய்வது அரசியல். நாம் அதை விட்டு ஒதுங்கினால், நம் கூலியை நாமில்லாத அறையில் பிறர் பேசி முடிப்பார்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வோம். புரியாததைக் கிராணியிடம் கேட்போம், கிராணிமாரும் முகம் சுளிக்காமல் விளக்குவோம். சேமநிதிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்ப்போம். தோட்டம் கைமாறும் என்ற செய்தி காதில் விழுந்த அன்றே, வீட்டைப் பற்றி எழுத்தில் உறுதி கேட்போம். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு கேட்பதில் பலனில்லை. பள்ளியை விட்டு நின்ற பையனின் வீட்டுக்கு, போலீஸ் போகும் முன்னே சங்கம் போகட்டும்.

ஒற்றுமை ஓங்குக!